மின்கிதாரை நிகழ்பட ஆட்டத்துடன் இணைத்தல்

உண்மையான மின்கிதாரை ஒரு வடத்தின் மூலம் கணினியுடனோ விளையாட்டுக் கருவியுடனோ இணைத்து, வாசிக்கும் ஒலியையே ஆட்டம் கேட்டு மதிப்பிடும்படி செய்யலாம். இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது ராக்ஸ்மித் என்னும் நிகழ்பட ஆட்டம் (வீடியோ கேம்) ஆகும். பிரான்சு நாட்டு நிறுவனமான யூபிசாஃப்ட் இதனை 2011 அக்டோபரில் வட அமெரிக்காவில் வெளியிட்டது.

பின்னணி

2005-இல் வெளிவந்த கிட்டார் ஹீரோ ஆட்டத்தில் பிளாஸ்டிக்கால் ஆன கிதார் பயன்பட்டது. அதில் தந்திகள் இல்லை. ஐந்து வண்ணப் பொத்தான்களும் தட்டுவதற்கு ஒரு பட்டையும் இருந்தன. அது தாள உணர்வை வளர்த்தது. ஆனால் அதில் தேர்ந்தவருக்கும் உண்மையான கிதாரில் விரலை எங்கே வைப்பது என்று தெரியாது. 2010-இல் வந்த ராக் பேண்ட் 3 ஆட்டத்திற்கு 102 பொத்தான்கள் கொண்ட கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. ஆறு தந்திகளுக்கும், ஒவ்வொன்றிலும் 17 மெட்டுகளுக்குமாக அமைந்த எண்ணிக்கை இது. ராக்ஸ்மித்துக்கு இத்தகைய தனிக்கருவி தேவைப்படவில்லை. வீட்டில் உள்ள சாதாரண மின்கிதாரே போதும்.

வடத்தின் பணி

மின்கிதாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்னும் பகுதி உள்ளது. இது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த அமைப்பு. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. பள்ளிப் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டலே இது.

இந்தக் குறிகை மிகவும் மென்மையானது. கணினியின் மைக் துளை இதற்கேற்ப அமைக்கப்படாததால், அதில் நேராகச் செருகினால் ஒலி மங்கிவிடும். எனவே ராக்ஸ்மித்துடன் தனி வடம் ஒன்று தரப்பட்டது. அதன் ஒரு முனை கிதாருக்கான 6.35 மி.மீ. ஜாக், மறுமுனை யூ.எஸ்.பி. இடையிலுள்ள சிறு மின்சுற்று, நொடிக்கு 48,000 முறை மின்னழுத்தத்தை அளந்து எண்களாக மாற்றி அனுப்புகிறது.

சுரத்தை அறிதல்

வழக்கமான சுதி சேர்ப்பில் ஆறு தந்திகளின் அதிர்வெண்கள் (ஹெர்ட்ஸ்):

6-ஆம் தந்தி (தடித்தது): 82.41
5-ஆம் தந்தி: 110.00
4-ஆம் தந்தி: 146.83
3-ஆம் தந்தி: 196.00
2-ஆம் தந்தி: 246.94
1-ஆம் தந்தி (மெல்லியது): 329.63

ஒரு மெட்டு மேலே செல்லும்போது அதிர்வெண் ஏறத்தாழ 1.06 மடங்காகிறது, 12-ஆம் மெட்டில் இரு மடங்காகிறது. 6-ஆம் தந்தியின் முதல் மெட்டில் கிடைப்பது 87.31 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையே இங்கு ஐந்து ஹெர்ட்ஸ் அளவே வேறுபாடு. ஆகவே சுதி சிறிது விலகியிருந்தாலும் சரியாக வாசித்தது தவறாகக் கொள்ளப்படலாம். வாசிக்கும் முன் சுதி சேர்க்கும்படி ஆட்டம் கேட்பது இதனால்தான்.

தாமதம்

82.41 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒருமுறை நிகழ ஏறத்தாழ 12 மில்லிநொடி ஆகும். சுரத்தை உறுதி செய்ய இத்தகைய அதிர்வுகள் சிலவற்றையாவது கேட்க வேண்டும். இதனுடன் தொலைக்காட்சி, படத்தையும் ஒலியையும் பதப்படுத்த எடுக்கும் நேரமும் சேர்கிறது. கை மீட்டிய பின்னர் ஒலி பிந்தி வந்தால் தாளம் குலையும். புதிதாகக் கற்பவர் தம் கையின் மீதே ஐயம் கொள்வார். குறை கருவியமைப்பில் இருக்கலாம்.

இணைக்கும் முறை

1. கிதாரின் ஒலியளவுக் குமிழை முழுதும் திருப்பி வைக்கவும்.
2. ஜாக் முனையைக் கிதாரிலும், யூ.எஸ்.பி. முனையைக் கணினியிலும் செருகவும்.
3. தொலைக்காட்சியில் "கேம் மோட்" இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும்.
4. இயன்றால் ஒலியை எச்.டி.எம்.ஐ. வழியாக அன்றி, ஒலிபெருக்கிக்கோ ஹெட்போனுக்கோ தனி வடத்தில் நேராகக் கொண்டு செல்லவும்.
5. ஆட்டம் கேட்கும்போது பலமாக மீட்டியும், தந்திகளை அடக்கி அமைதியாக வைத்தும் அளவைச் சரிசெய்யவும்.
6. சுதி சேர்த்துத் தொடங்கவும்.

பயனும் எல்லையும்

கற்பவரின் திறனுக்கேற்ப ஆட்டம் சுரங்களைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. முதலில் சில சுரங்களே திரையில் வரும். சரியாக வாசிக்க வாசிக்க முழுப்பாடலும் விரியும். பிழையைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சுட்டுவதும் இதன் நன்மை. 2013-இல் இதன் அடுத்த பதிப்பும், 2022-இல் கைப்பேசியின் ஒலிவாங்கியையும் பயன்படுத்தத்தக்க ராக்ஸ்மித் பிளஸ்ஸும் வெளிவந்தன.

ஆயினும் ஆட்டத்திற்குக் காது உண்டு, கண் இல்லை. 329.63 ஹெர்ட்ஸ் சுரம் முதல் தந்தியை மெட்டு அழுத்தாமல் மீட்டினாலும் வரும். 2-ஆம் தந்தியின் 5-ஆம் மெட்டிலும், 3-ஆம் தந்தியின் 9-ஆம் மெட்டிலும் வரும். ஒலி ஒன்றாக இருப்பதால், காட்டிய இடத்தில் வாசிக்காமலே மதிப்பெண் பெற முடியும். எந்த விரல் அழுத்தியது, மணிக்கட்டு வளைந்து இறுகியிருக்கிறதா என்பதையும் ஆட்டம் அறியாது. தவறான கைநிலை பழகிவிட்டால் பின்னர் மாற்றுவது கடினம், வலியும் தரலாம். எனவே தொடக்கத்தில் சில வாரமாவது கிதார் அறிந்த ஒருவர் அருகிலிருந்து கையைப் பார்ப்பது நல்லது. பயிற்சியை ஆட்டம் பார்த்துக்கொள்ளும்.