ஆடைக் கல்வியும் உழைப்புப் பிரிவினையும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆடை உடலை மூடும் பொருள் மாத்திரமன்று. நெய்தவர் யார், தைத்தவர் யார், உடுத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடைபகரும் சமூக ஆவணமுமாகும். ஆயினும் நமது பாடசாலைகளில் இக்கல்வி பெண்பிள்ளைகளுக்குரிய தையல் வகுப்பாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளது. இலங்கையில் 2017இல் தொடங்கப்பட்ட 13 வருடக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியெய்தாதோரும் 12ஆம், 13ஆம் தரங்களிற் பயில வழிசெய்தது. அதன் 26 தொழிற்பாடங்களுள் நவநாகரிக ஆடை வடிவமைப்பு ஒன்று. புடவையும் ஆடையும் பற்றிய கற்கை பிறிதொன்று. வடிவமைத்தலும் ஆக்குதலும் இவ்வாறு இரு பாடங்களாகப் பிரிந்து நிற்பது தற்செயலானதா என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவுக்குக் கண்டியின் அயலிலேயே விடை தேடலாம். உடுதும்பறையைச் சார்ந்த தலகுனே கிராமத்தின் பருத்தி நெசவும், ஹெனவல கிராமத்தின் நார்ப்பாய் நெசவும் தும்பறைக் கைவினை எனப் புகழ்பெற்றவை. பாய் நெசவை 2021இல் யுனெஸ்கோ மானிடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பாவு இழைகளை எண்ணி, மெல்லிய கீற்றுகளால் உயர்த்தி, நிற இழைகளை ஊடு செலுத்துகையில் மானும் மயிலும் அன்னமும் உருப்பெறுகின்றன. இழைகளின் கணக்கே இங்கு ஓவியமாகின்றது. வடிவத்தை எண்ணுபவரும் நெய்பவரும் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இதனைப் பொற்காலமாகப் போற்றுவது வரலாற்றுக்குப் புறம்பானது. கண்டி இராச்சியத்தில் நெசவு, சாதியோடும் இராஜகாரியம் என்னும் நிலமானியச் சேவைக் கடமையோடும் பிணைந்திருந்தது. பருத்தி நெய்தோர் பெரவா சாதியினர். பாய் நெய்தோர் கின்னர சாதியினர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' இக்கைவினைகளை நுணுக்கமாகப் பதிவுசெய்த பெருநூல். வில்லியம் மொறிஸின் சிந்தனை அவரை ஆழமாகப் பாதித்திருந்தது. ஆனால் மொறிஸ் சாயத்தொட்டியிற் கைநனைத்த கலைஞராக மட்டுமன்றிச் சோசலிசவாதியாகவும் விளங்கினார். குமாரசுவாமி அவரது கைவினைப் பற்றைச் சுவீகரித்த அளவுக்கு வர்க்க நோக்கைச் சுவீகரித்தாரல்லர். ஆகவேதான் நெசவாளியின் திறனைக் கண்ட அவரது நூலில் அந்நெசவாளியின் தாழ்த்தப்பட்ட நிலை உரிய அழுத்தம் பெறவில்லை.

1815இல் கண்டி வீழ்ந்தபின் கைவினைஞரைப் பேணிய அரசவை மறைந்தது. இங்கிலாந்தின் ஆலைத்துணி சந்தையை நிறைத்தது. சுதந்திரத்தின் பின், 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கைத்தறி ஓரளவு தழைத்ததாயினும், 1977இன் திறந்த பொருளாதாரம் அதனை மீண்டும் நலிவுறச் செய்தது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. 1992இல் அறிவிக்கப்பட்ட 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களையும் இவ்வுற்பத்தியுட் கொணர்ந்தது. இங்கு ஒருத்தி நாள்முழுதும் கைப்பட்டி மட்டுமே தைக்கலாம்; அச்சட்டையின் வடிவமோ பெரும்பாலும் கடல்கடந்த கொள்வனவாளரின் அலுவலகத்தில் தீர்மானிக்கப்படுகின்றது. நெசவாளியிடம் ஒன்றியிருந்த சிந்தையும் கையும் இவ்வாறு வேறு நாடுகளில், வேறு வர்க்கங்களில் வைக்கப்பட்டன. பாடத்திட்டத்தின் இருகூறு இப்பிரிவினையின் நிழலே எனலாம்.

ஆகவே உயர்தர வகுப்பில் ஆடைக்கல்வி எவ்வாறு அமைதல் வேண்டும்? இழையின் இயல்பு, சாயம், வெட்டு, தையல் ஆகியன பயிலப்படுதல் அவசியமே. அவற்றோடு ஒரு சட்டையின் விலையில் தைத்தவளின் கூலி எத்துணை என்னும் கணக்கும் பயிலப்படுதல் வேண்டும். ஓசரியின் மடிப்புகளை வரையும் மாணவி, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பிற் கட்டும் படங்கையும் வரைதல் வேண்டும். ஈரத்தையும் செடிக்கிளைகளின் கீறலையும் தாங்கும் அவ்வாடை, எந்த வடிவமைப்பாளரும் உரிமைகோராதது; உழைப்பின் தேவையே அதன் வடிவம்.

தோட்டத்துச் சிறுமி ஆடைக்கல்வி பயின்று தையற்பொறியின் முன் அமர்வதற்கு மட்டுமே தகுதி பெறுவாளாயின், அது கல்வியாகாது. தொழிற்சாலைக்கு ஆட்சேர்ப்பதாகவே முடியும். தான் தைப்பதைத் தானே எண்ணவும், எண்ணியதற்குரிய பயனைக் கோரவும் அவளுக்குக் கற்பிக்கும்போதே, பிரிந்த கையும் சிந்தையும் மீண்டும் ஒன்றுசேரும்.