காலையில் இயங்க மறுக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம்

உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களிலே துலாவும் பட்டையும் வகித்த இடத்தை நீரிறைக்கும் சிறு இயந்திரம் பெற்று இரண்டு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. விடியற்புறத்திலே கிணற்றடியில் நின்று, இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போன ஒருவரைக் காணாதவர் நம்மூரில் அரியர். பழைய வெளியிணைப்பு இயந்திரத்தைப் படகிற் பூட்டிக் கடலுக்குச் செல்வோரும் இத்துன்பத்தை நன்கறிவர். முதல்நாள் மாலைவரை குறைவின்றி ஓடிய இயந்திரம் மறுநாட் காலையில் ஏன் இயங்க மறுக்கின்றது? பலர் இதனை இயந்திரத்தின் 'குணம்' என்று கூறி அமைவர். இயந்திரத்துக்குக் குணம் இல்லை, காரணம் உண்டு. அக்காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு இயந்திரம் இயங்குதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். எரிபொருளின் ஆவி ஏற்ற அளவிலே வளியுடன் கலத்தல் ஒன்று. அக்கலவை உருளையினுள்ளே நன்கு அழுத்தப்படுதல் மற்றொன்று. தக்க வேளையில் மின்பொறி தோன்றுதல் பிறிதொன்று. இவற்றுள் ஒன்று குறையினும் இயந்திரம் அசையாது. காலைநேரத் தொல்லைக்குப் பெரும்பாலும் முதலாவதே காரணமாகின்றது.

எரிவது திரவமன்று, அதன் ஆவியே என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு திரவம் எவ்வெப்பநிலையில் தீப்பற்றத்தக்க அளவு ஆவியை வெளிவிடத் தொடங்குமோ அதனைத் தீப்பற்றுநிலை என்பர். பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியசு. மண்ணெண்ணெய்க்கோ 38 பாகையும் அதற்கு மேலுமாகும். மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்து விடியற்பொழுதின் வெப்பநிலை 22 பாகையை அண்டி நிற்கும். நமக்கு அது இதமான குளிர். மண்ணெண்ணெய்க்கோ ஆவியாக இயலாத கடுங்குளிர். பனி பெய்யும் நாடுகளில் மாத்திரமே குளிர்த் தொடக்கம் கடினம் என்று எண்ணுதல் தவறு. கையால் இழுக்கும்போது அழுத்தத்தால் உண்டாகும் சிறு வெப்பத்தையும் குளிர்ந்த உருளைச் சுவர் பறித்துக்கொள்ளும். இதனாலன்றோ பெற்றோலில் இயக்கத்தைத் தொடங்கி, உருளை சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை ஏற்பட்டது!

இவ்வுண்மையை யான் கற்றது பாடநூலில் அன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடைக் காலத்திலே, குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கத்துக்கு மாத்திரம் சிறு மருந்துப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விடப்படும். எங்கள் கிணற்றடியிலும் அத்தகைய போத்தல் ஒன்று இருந்தது. 1993இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாயிருந்த யான், ஒருநாள் மாலை இறைப்பு முடிந்ததும் விளையாடப் போகும் அவசரத்தில், இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை நிறுத்திவிட்டேன். மறுநாட் காலை ஐயா போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் முழுவதையும் எரிபொருட் குழாயில் விட்டு இழுத்தும் இயந்திரம் இயங்கவில்லை. அன்று வெங்காயப் பாத்திகளுக்கு வாளியால் அள்ளியே நீர் ஊற்றினோம். ஐயா என்னை ஏசவில்லை. வாளியை மாத்திரம் என் கையில் தந்தார்.

நிகழ்ந்தது யாது? காபரேற்றரின் அடியிலே சிறு கிண்ணம் ஒன்று உண்டு. இயந்திரம் உறிஞ்சும் எரிபொருள் அதிலிருந்தே செல்லும். மண்ணெண்ணெயில் ஓடும்போது நிறுத்தினால் அக்கிண்ணம் மண்ணெண்ணெயால் நிறைந்திருக்கும். மறுநாள் குழாயிற் பெற்றோல் விட்டாலும், கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை அது உருளையை அடையாது. ஆகவே காலையில் எளிதாகத் தொடங்க விரும்புவோர், நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே திருகுகுழாயைப் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிடல் வேண்டும். மறந்தவர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி, மண்ணெண்ணெயை வடித்துவிட்டுப் பெற்றோலை நிரப்புதல் வேண்டும். மாதக்கணக்கில் போத்தலிற் கிடந்த பெற்றோலையும் நம்புதல் ஆகாது. எளிதில் ஆவியாகும் பகுதி அதனை விட்டு முன்னரே நீங்கியிருக்கும்.

இவ்வாறு செய்தும் இயங்காதாயின், கயிற்றை மேலும் இழுத்துப் பயனில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தலே முறை. அது உலர்ந்திருப்பின் எரிபொருள் உருளைக்குச் செல்லவில்லை என்பது தெளிவு. குழாய், வடிகட்டி, காபரேற்றரின் நுண்டுளை ஆகியவற்றை வரிசையாக நோக்குக. மாரிகாலத்தில் தாங்கியின் அடியிலே நீர் தங்குவதும் உண்டு. நீர் மண்ணெண்ணெயிலும் கனமானது. பிளக் நனைந்திருப்பின், எரிபொருள் மிகுந்துவிட்டது, அல்லது பொறி இல்லை. சோக்கை அளவுக்கு மிஞ்சி மூடி இழுப்பதனாலும் இந்நிலை நேரும். மிகுந்த எரிபொருள் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவி, அழுத்தத்தையும் குறைத்துவிடும். அப்போது பிளக்கைத் துடைத்து உலர்த்தி, எரிபொருளை அடைத்து, சோக்கைத் திறந்து, சிலமுறை வெறுமனே இழுத்த பின்னரே மீண்டும் பூட்டுதல் நன்று.

பொறியைச் சோதிக்கப் பிளக்கை அதன் கம்பியுடன் இயந்திரத்தின் உலோகப் பகுதியிற் பொருத்தி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். சிந்திய பெற்றோலை முன்னரே துடைத்துவிடுதல் இன்றியமையாதது. நீலநிறப் பொறி பளிச்சிடுமாயின் நன்று. மஞ்சட் பொறி வலியற்றது. காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து அசையும்போது மின் பிறக்கின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்ட இவ்வுண்மையே இங்கு தொழிற்படுகின்றது. அசைவு விரைவாயின் மின்னும் வலிதாகும். ஆதலின் கயிற்றை மெல்ல நெடுநேரம் இழுப்பதினும் ஒருமுறை விரைந்து இழுப்பதே சிறந்தது. பழைய இயந்திரங்களிலே மின்னைத் துண்டிக்கும் தொடுமுனைகள் ஈரத்தாற் களிம்பேறும். நுண்ணிய அரத்தாளால் அவற்றைத் துலக்கி, இடைவெளியை 0.4 மில்லிமீற்றர் அளவில் வைப்பின் பெரும்பாலும் பொறி திரும்பும்.

பொறியும் எரிபொருளும் செம்மையாயிருந்தும் இயங்காவிடின் அழுத்தத்தை நோக்குக. கயிறு தடையின்றி இலகுவாக வருமாயின் அழுத்தம் கசிகின்றது. பிளக்கின் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் இழுக்கும்போது தடை மிகுமாயின் வளையங்கள் தேய்ந்துள்ளன என்பது பொருள். அந்நிலையில் மாத்திரமே பட்டறைக்குச் செல்லல் தகும். இவ்வரிசையை அறியாதார் முதலிலேயே பட்டறைக்கு ஓடிப் புதுப் பாகங்களுக்குப் பணம் இறைப்பர். 2022 ஆகஸ்டிலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், ஒரு கமக்காரனுக்கோ கடற்றொழிலாளிக்கோ வீணாகும் ஒவ்வொரு துளியும் இழப்பேயாகும்.

நம் மாணவர் ஆவியாதலையும் மின்தூண்டலையும் பரீட்சைக்கென மனனஞ் செய்கின்றனர். அவ்விரண்டும் தத்தம் வீட்டுக் கிணற்றடியிலே நாள்தோறும் தொழிற்படுவதை அவர்களுள் எத்துணைப்பேர் அறிவர்? ஒருமுறையேனும் தந்தையாருடன் சென்று பிளக்கைக் கழற்றிப் பார்ப்பாராயின், கற்றது கைக்கு வரும், இறைப்பும் பிந்தாது. மாலையில் இயந்திரத்தை நிறுத்துமுன் திருகுகுழாயை மாற்றவும் அவர்கள் மறவார்.