உஷார்! ராஜி மெமோவில் கையெழுத்துப் போடப் போகிறீர்களா?

கோர்ட் வராந்தாவில் யாராவது வழக்கைச் சமாதானமாக முடிக்கும் காகிதம் ஒன்றை நீட்டி, "ராஜி மெமோதாம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்றால், தயவுசெய்து உடனே பேனாவை எடுக்காதீர்கள். முதலில் உட்காருங்கள். கண்ணாடியை மாட்டுங்கள். படியுங்கள்.

அந்தக் கையெழுத்துக்கு அப்பீல் கிடையாது!

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். அப்பா சொத்தில் பங்கு கேட்டு அண்ணன் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தார். ஆறு வருஷம் வாய்தா வாய்தாவாக அலைந்தார். வக்கீல் ஃபீஸுக்கே வளையல் ஒன்று போய்விட்டது. ஒரு நாள் அண்ணனே ஆள் அனுப்பினார்: "12 லட்சம் தர்றேன், ராஜியாப் போயிடலாம்." அக்கா சம்மதித்தார். அதில் தப்பே இல்லை. கூடப்பிறந்தவர்கள் கோர்ட்டில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தப்பு நடந்தது வராந்தாவில். 2 லட்சம் ரொக்கமாக வந்தது. மீதி 10 லட்சத்துக்கு இரண்டு மாதம் தள்ளித் தேதி போட்ட செக். வழக்கைக் கூப்பிடப் போகிறார்கள் என்ற அவசரம். குமாஸ்தா ஐந்து பக்கத்தையும் மடித்து, கையெழுத்துப் போடும் மூலையை மட்டும் காட்டினாராம். நீதிபதி "சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றார் அக்கா.

நாலாம் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? "வாதிக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் ரொக்கமாக வந்து சேர்ந்துவிட்டது." செக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

செக் திரும்பியது. "பொறும்மா, அடுத்த வாரம் போடு" என்றார் அண்ணன். அக்காவும் பொறுத்தார். செக் திரும்பியதாக பேங்க் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும். அது யாருக்குத் தெரியும்? தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் செக்கே செல்லாது. அதுவும் தாண்டிவிட்டது. இப்போது கேட்டால், "எல்லாம் வாங்கியாச்சுன்னு நீயே எழுதிக் கொடுத்திருக்கியே" என்கிறார் கூடப்பிறந்தவர்.

மேலே போகலாமே என்பீர்கள். முடியாது. இரு தரப்பும் சம்மதித்து வாங்கிய தீர்ப்புக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(3) பிரிவு மேல்முறையீட்டை மறுக்கிறது. அந்த ராஜி செல்லாது என்று புது வழக்கும் போட முடியாது. அதே கோர்ட்டில் மனுப் போட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும். லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டால் இன்னும் இறுக்கம். அந்த உத்தரவுக்கும் அப்பீல் இல்லை.

ஆகவே, இதையெல்லாம் பார்த்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில், வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்களா? போடவே போடாதீர்கள். "இன்னிக்கே முடிக்கலேன்னா ஆஃபர் போயிடும்" என்கிறார்களா? போகட்டும். பணம் டிடியாக வராமல் தள்ளித் தேதி போட்ட செக்காக வருகிறதா? செக் நம்பர், தேதி, தொகை எல்லாம் மெமோவில் ஏற வேண்டும். தவணை என்றால், ஒரு தவணை தவறினால் பாக்கி முழுவதும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். வழக்கில் இல்லாத இடத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்தத் தீர்ப்பைப் பதிவு செய்தாக வேண்டும், மறக்காதீர்கள். இன்னொன்று. முதல் நாள் நீங்கள் கையெழுத்துப் போட்ட அச்சு வக்காலத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்களுக்காக ராஜி பேசும் அதிகாரத்தையும் வக்கீலுக்கு அதிலேயே கொடுத்திருப்பீர்கள்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் ஜனங்கள் ரொம்ப வெள்ளந்தி.

"ஜெயிச்சா செலவெல்லாம் எதிராளி தலையில" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவுத்தொகை தருவது நீதிபதியின் விருப்பம். தந்தாலும் விதிப்படி ஒரு கணக்குத்தான். நீங்கள் வக்கீலுக்கு உண்மையில் கொடுத்ததற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எதிராளி பொய் வழக்குப் போட்டான் என்று கோர்ட்டே சொன்னாலும், அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் கிடைக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். மூவாயிரம்தான்!

கடை, கம்பெனி நடத்துகிறவர்களுக்கு நேர்மாறான ஆபத்து. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் தோற்றவர் செலவு தருவதுதான் பொது விதி. எதிர்த்தரப்பு நியாயமான சமாதானத் தொகை சொல்லி, நீங்கள் வீம்புக்கு மறுத்திருந்தால் அதையும் கோர்ட் கணக்கில் எடுக்கும். அங்கே வந்த ஆஃபரைக் குப்பையில் போடாதீர்கள்.

"வர்றதுல 20 பர்சென்ட் எனக்கு" என்று வக்கீல் பேசுகிறாரா? பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பண வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். ராஜியில் முடிந்தால் அது திரும்ப வரும், வெளியே பேசி முடித்தாலும் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்தது. கேட்டு வாங்குங்கள். கேட்காதவர் எத்தனை பேரோ!

யாரிடம் காட்டிப் படிப்பது என்று தவிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அம்மா. பின்னால் இல்லை.

அந்த அக்கா அதே கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். போன வாய்தாவில் எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டது. கொடுத்திருக்கிறார்கள்.