உங்களுக்குத் தெரியுமா? அச்சத்தில் பிறந்த மேனூத் கல்லூரி

◆ அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்கு மேற்கே 25 கிலோமீட்டர் தொலைவில் மேனூத் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1795-ல் தொடங்கிய புனித பேட்ரிக் கல்லூரி, கத்தோலிக்கப் பாதிரியார்களை உருவாக்குவதற்காக ஒரு புராட்டஸ்டன்ட் அரசு கஜானாவிலிருந்து பணம் கொடுத்துத் தொடங்கிவைத்த கல்லூரி! இத்தனைக்கும் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்களின் படிப்பைச் சட்டம் போட்டு முடக்கிவைத்ததும் அதே ஆங்கிலேய ஆட்சிதான். பாதிரியாராக விரும்பிய பையன்கள் கப்பலேறி பாரிஸுக்கும் சலமான்காவுக்கும் ரோமுக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். திடீரென்று மனம் மாறக் காரணம் பிரெஞ்சுப் புரட்சி. பாரிஸில் கல்லூரிகள் மூடப்பட்டன, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் மூண்டது. படிக்கப் போகும் பையன்கள் புரட்சிக்காரர்களாகத் திரும்பி வந்துவிட்டால்? அதைவிட உள்ளூரிலேயே, நம் கண் முன்னாலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் புரட்சிக்குத் தப்பி வந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் சிலர்தான் இங்கே முதல் பேராசிரியர்களில் இடம்பிடித்தார்கள்.

அந்தக் கணக்கு முழுசாகப் பலிக்கவும் இல்லை. மூன்றே ஆண்டில், 1798-ல் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்தபோது, கிளர்ச்சிக்காரர்களோடு தொடர்பு வைத்திருந்ததற்காக மாணவர்கள் சிலரைக் கல்லூரியே வெளியேற்ற வேண்டியதாயிற்று.

◆ ஸ்பெயினின் சலமான்காவில் 1592-ல் தொடங்கிய ஐரிஷ் கல்லூரி 1951 வரை தாக்குப்பிடித்தது. மூடியதும் அதன் ஆவணங்கள் எல்லாம் எங்கே வந்து சேர்ந்தன தெரியுமா? மேனூத் நூலகத்துக்கு. ஊரைவிட்டுப் போய்ப் படித்த அந்தப் பையன்களைப் பற்றிய காகிதங்கள் இப்போது சொந்த மண்ணில் பத்திரமாக இருக்கின்றன.

◆ கல்லூரி வாசலை ஒட்டி ஒரு பாழடைந்த கோட்டை நிற்கிறது. கில்டேர் பிரபுக்களின் கோட்டை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் இதே ஊரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியிருந்தது. அந்த வம்சத்து வாலிபன் தாமஸ், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை எதிர்த்துக் கிளம்பினான். அவனுடைய வீரர்கள் தலைக்கவசத்தில் பட்டு நூல் குஞ்சம் கட்டியிருந்ததால் அவனுக்குப் ‘பட்டுத் தாமஸ்’ என்றே பெயர். 1535-ல் கோட்டை வீழ்ந்தது. 1537-ல் அவனையும் அவனுடைய ஐந்து சிற்றப்பன்மார்களையும் லண்டனில் கொன்றார்கள். அந்தப் பழைய கல்லூரியும் அத்தோடு போயிற்று. கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கும் கிழட்டு யூ மரத்தடியில்தான், சரணடைவதற்கு முந்தின இரவு அவன் வீணை போன்ற ஒரு வாத்தியத்தை மீட்டிக்கொண்டிருந்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

◆ இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த மெக்காலே, மேனூத்தால் எம்.பி. பதவியை இழந்தவர்! 1845-ல் பிரதமர் ராபர்ட் பீல், கல்லூரியின் ஆண்டு மானியத்தை ஏறக்குறைய 9,000 பவுண்டிலிருந்து 26,000 பவுண்டுக்கு மேல் உயர்த்தினார். கட்டடத்துக்குத் தனியாக 30,000 பவுண்டு. மாணவர்கள் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அங்கே இடநெருக்கடி. ஆனால் இங்கிலாந்தில் ‘எங்கள் வரிப்பணத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்களா?’ என்று கொந்தளிப்பு எழுந்தது, எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. எதிர்க்கட்சியில் இருந்தும் மெக்காலே மசோதாவை ஆதரித்துப் பேசினார். எடின்பரோ வாக்காளர்கள் அதை மறக்கவில்லை. 1847 தேர்தலில் அவர் தோற்றதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

பீலின் அமைச்சர் கிளாட்ஸ்டனின் கதை இன்னும் விசித்திரம். கத்தோலிக்கக் கல்லூரிக்கு மானியம் தருவது தாம் முன்பு புத்தகத்தில் எழுதிய கொள்கைக்கு முரண் என்று 1845 ஜனவரியில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பிறகு அதே மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்! 24 ஆண்டு கழித்துத் தாமே பிரதமராக இருந்தபோது, 1869 சட்டத்தின் மூலம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து அந்த மானியத்தை முடித்துவைத்தவரும் அவர்தான்.

◆ பழைய பைக்கின் கிக்கரை உதைத்ததும் ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி தெறிக்கிறதே, அதன் முன்னோர் மேனூத்தில் பிறந்தவர். அவரை உருவாக்கியவர் ஒரு பாதிரியார்.

நிக்கோலஸ் கேலன் இந்தக் கல்லூரியிலேயே படித்து, ரோமில் டாக்டர் பட்டம் வாங்கி, 1826-ல் இங்கே இயற்பியல் பேராசிரியராகத் திரும்பி வந்தார். 1836-ல் தூண்டு சுருளை உருவாக்கினார். ஓர் இரும்புத் தண்டில் தடித்த கம்பியைச் சில சுற்று, அதன்மேல் மெல்லிய கம்பியை ஏகப்பட்ட சுற்று. தடித்த கம்பியில் பேட்டரி மின்சாரத்தை விட்டுச் சட்டென்று துண்டித்தால், மெல்லிய கம்பியில் பல மடங்கு அழுத்தத்தோடு மின்சாரம் பாயும். துண்டிப்பு எத்தனை வேகமோ, பொறி அத்தனை பெரிது. அதை எப்படி வேகப்படுத்துவது? கடிகாரத்தின் உள்பொறியை எடுத்துப் பொருத்தினார். அது டிக், டிக்கென்று ஓட, விநாடிக்கு 20 தடவை மின்சாரம் அறுந்து அறுந்து சேர்ந்தது. 15 அங்குல நீளத்துக்குப் பொறி பறந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய மின்காந்தத்துக்கு லாட வடிவில் இரும்பை அடித்துக் கொடுத்தவர் ஊர்க் கொல்லர்.

இவ்வளவு அழுத்தமான மின்சாரத்தை அளக்க அந்தக் காலத்தில் மீட்டர் கிடையாது. எத்தனை பலம் என்று அறியும் வழிகளில் ஒன்று யாராவது தொட்டுப் பார்ப்பது. மாணவர்களைக் கைகோத்து நிற்கவைத்தார். ஒரு பையன் மயங்கி விழுந்ததாகவும், அவர் பிற்காலத்தில் டப்ளின் பேராயரான வில்லியம் வால்ஷ் என்றும், அதன்பின் மாணவர்களுக்குப் பதிலாக வான்கோழி வந்ததாகவும் கல்லூரியில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

தன் சுருளைப் போல ஒன்றைச் செய்து 1837-ல் லண்டனுக்கே அனுப்பினார் கேலன். ஆனால் பாதிரியார் கல்லூரியில் மின்சாரத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? பாரிஸில் கருவிகள் செய்துவந்த ரூம்கார்ஃப் பின்னால் சுருளை மேம்படுத்தி விற்றார், பாடப் புத்தகங்களில் அவர் பெயரே ஏறியது. 1864-ல் பிரெஞ்சு அரசு ரூம்கார்ஃபுக்கு 50,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. கேலன் கண்ணை மூடியது அதே 1864-ன் ஜனவரியில். சுருள் பிறந்து நூறாண்டு ஆன பிறகு, 1936-ல்தான் மேனூத்திலிருந்தே ஒருவர் ஆராய்ந்து எழுதி அவருக்கு உரிய இடத்தை மீட்டுக் கொடுத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் முறைக்கு 1853-ல் காப்புரிமை வாங்கிய மனிதர் அவர். விலை அதிகமான பிளாட்டினத்துக்குப் பதிலாக வார்ப்பிரும்பை வைத்து மலிவாகப் பேட்டரி செய்த மனிதரும் அவர். அவர் கையால் சுற்றிய சுருள்களைக் கல்லூரி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

◆ ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1879-ல் அயர்லாந்துக்கு வேட்டைக்கு வந்தார். துரத்தப்பட்ட மான் கல்லூரி வளாகத்துக்குள் பாய்ந்தது, பேரரசியும் குதிரையோடு பின்னாலேயே வந்துவிட்டார். வரவேற்ற பாதிரியார்களுக்கு நன்றியாக, பிறகு வெள்ளியில் ஒரு புனித ஜார்ஜ் சிலை அனுப்பினார். ஜார்ஜ் இங்கிலாந்தின் காவல் புனிதர் என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரியவந்ததாம். ஐரிஷ் மண்ணின் அடையாளமான ஷாம்ராக் இலைகளைப் பின்னிய பூசை உடைகளை அடுத்ததாக அனுப்பிவைத்தார்.

◆ யூஜின் ஓ'க்ரோனி வீட்டில் யாரும் ஐரிஷ் பேசியதில்லை. மாணவனாக இருந்தபோதுதான் அந்த மொழியைக் கற்றார். 1891-ல் மேனூத்தில் ஐரிஷ் பேராசிரியரானார், 1893-ல் தொடங்கிய மொழி மீட்பு இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரானார். தாய்மொழியை மறந்துபோன ஜனங்களுக்காக அவர் எழுதிய எளிய பாடங்கள் பத்திரிகையில் வந்து, பிறகு சிறு நூல்களாகி ஆயிரக்கணக்கில் விற்றன. ஆசிரியர் இல்லாமலே படிக்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் ஆங்கில எழுத்தில் போட்டுக்காட்டினார். உடல் கெட்டு அமெரிக்காவுக்குப் போனவர் 1899-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். 1903-ல் அவருடைய உடலைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து மேனூத்தில் அடக்கம் செய்தார்கள். ஓர் இலக்கண வாத்தியாருக்கு அப்படி ஓர் ஊர்வலம்!

அவர் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்த மைக்கேல் ஓ'ஹிக்கி, புதிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர ஐரிஷ் கட்டாயம் என்று வாதாடினார். ஆயர்களை எதிர்த்துக் கடுமையாக எழுதியதால் 1909-ல் வேலை போயிற்று. ரோம் வரை முறையிட்டும் பலன் இல்லை. அவர் கேட்டபடியே 1913 முதல் ஐரிஷ் கட்டாயமானது.

◆ சென்னைக்கும் மேனூத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்லூரியில் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஜான் ஃபென்னலி 1841-ல் சென்னைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக நியமிக்கப்பட்டார். 1868-ல் அவர் இறந்ததும் தம்பி ஸ்டீபன் அந்தப் பொறுப்புக்கு வந்து 1880 வரை இருந்தார். ஏறக்குறைய 40 ஆண்டு, அண்ணன் தம்பி கையில்!

◆ 1896-ல் கல்லூரிக்குப் போப்பின் சாசனத்தோடு பட்டம் வழங்கும் உரிமை. 1910-ல் தேசியப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம். 1966-ல்தான் கதவு எல்லாருக்கும் திறந்தது, ஆண்களோடு பெண்களும் வகுப்புக்கு வந்தார்கள். 1997-ல் நிறுவனம் இரண்டானது. ஒன்று மேனூத் பல்கலைக்கழகம், 15,000-க்கு மேல் மாணவர்கள். மற்றொன்று பழைய புனித பேட்ரிக் கல்லூரி. அதில் பாதிரியார் பயிற்சிக்கு இன்று இருப்பவர்கள் சில பத்துப் பேர்தான்.

◆ ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய குருமடங்களில் ஒன்றாக இருந்தது மேனூத் என்பதற்குச் சாட்சி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய சிற்றாலயம். நடைபாதையின் இருபுறமும் ஒன்றையொன்று பார்த்தபடி, செதுக்கு வேலைப்பாட்டோடு 454 மர இருக்கைகள். இருக்கைகள் இப்படி எதிரெதிராக அமைந்த சிற்றாலயங்களில் இதுதான் உலகிலேயே பெரியது என்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் பல்கலைக்கழக மாணவ மாணவிகள் அங்கே கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடுகிறார்கள். அன்றைக்கு அந்த இருக்கைகளில் இடம் கிடைப்பது கஷ்டம்.