பட்டணத்தில் தனி இலை

வேலை நிமித்தம் அயல் மாநிலம் சென்ற மகனிடம் தாயார் முதன்முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சாப்பாட்டுக்கு என்னப்பா பண்றே?" என்பது அது. கடிதம் போட்ட காலத்திலும் அதுவே கேட்கப்பட்டது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகின்ற இக்காலத்திலும் அதுவே கேட்கப்படுகிறது. "அதெல்லாம் நல்லாவே கிடைக்குதும்மா" என்று மகன் சொல்லும் விடையும் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. அந்த விடையில் உண்மை எத்தனை பங்கு, தாயின் மன அமைதிக்காகக் கலந்தது எத்தனை பங்கு என்பதை ஊரைவிட்டு வந்து வாழும் நம்மில் எவரும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

டில்லி, கல்கத்தா, நாகபுரி என்று தமிழிளைஞர் உத்தியோகம் தேடிச் சென்ற நகரங்கள் பல. ஆயினும் நாம் அதிகம் பழகிய நகரம் பம்பாய். 1995 முதல் மும்பை என்ற பெயரே அதிகாரபூர்வமானது. அங்கே தனியாக வாழும் ஓர் இளைஞன் காலை முதல் இரவு வரை எவ்வாறு பொழுதைக் கழிக்கிறான், எங்கே உண்கிறான், யாருடன் உண்கிறான் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். இவற்றுள் மூன்றாவது கேள்வியே முக்கியமானது. அதைப் பின்னால் எடுத்துக்கொள்வோம்.

பம்பாயில் பொழுது புலர்வது சூரியனால் அன்று; குழாயால். நகரின் பல பகுதிகளில் தண்ணீர் குறித்த சில மணி நேரமே வரும். நான்கு பேர் ஓர் அறையில் குடியிருந்தால், அந்த நேரத்தில் வாளிகளை நிரப்பும் முறை யாருடையது என்பதில்தான் நட்பின் ஆழம் சோதிக்கப்படும். அதே வேளையில் தெருவில் ரப்பர்க் குமிழ் பொருத்திய ஊதுகுழல் ஒலி கேட்கும். சைக்கிளில் பெரிய பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு இட்லிக்காரர் வருகிறார் என்று பொருள். இவர்களிற் பலர் தாராவித் தமிழர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கென்று சென்று குடியேறியவர்களின் வழிவந்தோர் அங்கே ஏராளம். விடியற்காலை 3 மணிக்கே அடுப்பேற்றி, நகரெங்கும் இட்லியையும் மெதுவடையையும் கொண்டு சேர்க்கும் இவர்களைப் பற்றி நம்மவர்கள் பேசுவது குறைவு. மாதுங்காவின் சிற்றுண்டிச் சாலைகளுக்குக் கிடைத்த புகழ் இந்தச் சைக்கிள்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவசர அவசரமாகப் புறப்படும் இளைஞனுக்குக் காலை ஆகாரம் தருபவை பெரும்பாலும் இச்சைக்கிள்களே.

பிறகு ரயில். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது. 1925-இல் மின்சார ரயிலும் இந்நகரிலேயே முதலில் ஓடிற்று. இன்று காலை நேர நெரிசலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 பேர், 16 பேர் கூட நிற்பதுண்டு. ஒரு சதுர மீட்டர் என்பது நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை விடச் சிறியது என்று நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இந்த நெரிசலிலும் ஒரு சமூகம் உண்டு. நாள்தோறும் அதே வண்டி, அதே பெட்டி, அதே வாசல் என்று ஏறுகிறவர்கள் சில மாதங்களில் ஒரு குழுவாகிவிடுகிறார்கள். பஜனை பாடும் குழு, சீட்டாடும் குழு, தசராவன்று பெட்டிக்குத் தோரணம் கட்டிப் பேடா வழங்கும் குழு என்று பல வகை. மாலையில் வீடு திரும்பும் மகளிர் பெட்டியில் பட்டாணி உரிப்பதும் கீரை ஆய்வதும் சர்வ சாதாரணம். மகளிருக்கென்றே தனி ரயில் 1992 மே மாதத்தில் சர்ச்கேட்டிலிருந்து போரிவிலிக்கு விடப்பட்டது.

நண்பகல் உணவுக்கு வருவோம். வெள்ளைத் தொப்பி அணிந்த டப்பாவாலாக்களைப் பற்றி அறியாதார் இல்லை. 1890-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஏற்பாடு அது. புணே மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் இத்தொழிலில் இருப்பவர்கள். காலையில் வீடு வீடாகச் சென்று எடுத்த அடுக்குகளை ரயில் நிலையத்தில் பிரித்து, மூடியில் தீட்டிய நிறத்தையும் எழுத்தையும் எண்ணையும் கொண்டு அடையாளம் கண்டு, கைமாறிக் கைமாறிக் காரியாலயத்தில் கொண்டு சேர்ப்பார்கள். காலியான அடுக்கு மாலைக்குள் வீடு திரும்பிவிடும். பல மொழி பேசும் நகரத்தில், எல்லோரும் எல்லா எழுத்தும் படித்தவர்களாக இல்லாத ஒரு தொழிலில், குறிகளால் மட்டுமே நடக்கும் கணக்கு இது.

ஆனால் டப்பா வர வேண்டுமென்றால் அதை நிரப்பித் தர ஒரு வீடு இருக்க வேண்டும். தனியாளுக்கு வீடு ஏது? இங்கேதான் காணாவள் என்ற மராட்டிய ஏற்பாட்டை அறிந்துகொள்வது நல்லது. பஞ்சாலைகள் ஓங்கி நின்ற காலத்தில், குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்த ஆலைத் தொழிலாளருக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். ஒரே சமையலறையில் பத்து, இருபது பேருக்கு உலை வைத்து, மளிகைக் கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் கடன் பட்டு நடத்திய ஜீவனம் அது. அத்தகைய பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று பிரேமா புரவ் என்ற அம்மையார் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தோற்றுவித்தார். 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உண்ண வந்தவர்களும் குறைந்தார்கள். என்றாலும் மாதக் கணக்கில் வீட்டுச் சமையலை விலைக்குத் தரும் வழக்கம் அழியவில்லை. இன்று தாணாவிலும் செம்பூரிலும் நம் இளைஞர்கள் வாங்கும் டப்பா அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

பகலில் டப்பா இல்லாதவர்களுக்கு உடுப்பிக் கடையின் ரைஸ் பிளேட் உண்டு. சாதம், இரண்டு பூரி அல்லது சப்பாத்தி, ஒரு கறி, பருப்பு, சாம்பார், அப்பளம், ஒரு கிண்ணம் தயிர் என்பது அதன் வரிசை. முதல் நாள் சாம்பாரை வாயில் வைத்ததும் நம் பிள்ளையின் முகம் மாறுவதைக் காண வேண்டும். உடுப்பிச் சமையலில் சாம்பாருக்குச் சிறிது வெல்லம் சேர்ப்பது மரபு. "பாயசத்தில் புளியை விட்டுட்டாங்களா?" என்று கேட்ட நண்பர் ஒருவரை நாம் அறிவோம். ஆறு மாதம் கழித்து அவர் ஊருக்குச் சென்றபோது, தம் வீட்டுச் சாம்பார் உறைக்கிறது என்று தாயாரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரானிக் கடையை விட்டுவிட்டால் பம்பாயின் கதை முழுமை பெறாது. பாரசீகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த ஜொராஸ்ட்ரியர் திறந்த தேநீர்க் கடைகள் அவை. சலவைக்கல் மேஜை, வளைத்த மர நாற்காலி, வெண்ணெய் தடவிய பன், பாலில் கொதித்த தேநீர் இவையே அவற்றின் அடையாளங்கள். தோபி தலாவில் 1904-இல் தொடங்கிய கயானி அவற்றில் மூத்த ஒன்று. இன்று இக்கடைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே எஞ்சியுள்ளன. வேலை தேடி அலையும் நாட்களில் ஒரு கோப்பைத் தேநீருக்கு ஒரு மணி நேரம் நாற்காலி கிடைப்பது எத்தகைய உபகாரம் என்பது அலைந்தவர்களுக்கே தெரியும்.

எல்லாம் இனிமையாகவே இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கெதிராக ஒரு கிளர்ச்சி எழுந்தது. உடுப்பிக் கடைகள் கல்லடிபட்டன. காரியாலயங்களில் பெயரைக் கேட்டாலே முகம் திருப்பியவர்கள் இருந்தார்கள். தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே 1966-இல் அசோக் வைத்யா என்பவர் முதன்முதலில் விற்றதாகச் சொல்லப்படும் வடாபாவ், அந்த ஆண்டுகளில்தான் இட்லிக்கும் தோசைக்கும் மாற்றாகத் தெருவெங்கும் பரவியது. பின்னர் காலம் இரண்டையும் ஒரே கடையில் சேர்த்து வைத்துவிட்டது. அந்நாட்களில் நம்மவர்கள் எங்கே ஒன்றுகூடினார்கள் என்று கேட்டால் மாதுங்கா என்றுதான் விடை வரும்.

1896-இல் பிளேக் நோய் நகரைத் தாக்கிய பின், நெரிசலைக் குறைப்பதற்காக அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புகளில் தாதர்-மாதுங்காப் பகுதியும் ஒன்று. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே அறை எடுத்தார்கள். அவர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது. 1940-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே கஃபே மெட்ராஸும், 1942-இல் மாதுங்கா ரயில் நிலையத்தருகே ஏ. ராமா நாயக் தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கும் தோன்றின. இவை பெயர் பெற்றவை. பெயர் பெறாத மெஸ்கள் சந்துக்குச் சந்து இருந்தன.

அத்தகைய மெஸ் ஒன்றில் நாம் மாதக் கணக்கில் உண்டுவந்தோம். மாடிப்படியேறினால் ஒரு கூடம், ஆறு நீள மேஜை, வாழையிலை. உரிமையாளரை எல்லோரும் மாமா என்றே அழைத்தோம். அவர் வாசலருகே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார். யார் வந்தாலும் தலை நிமிராமலே பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுவார். நம்முடன் உண்டவர்களில் ஒருவன் கும்பகோணத்துப் பக்கத்துப் பையன். வாய் திறந்து பேசாதவன். ஓர் இரவு மாமா நோட்டைப் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "மூணு நாளா இந்தப் பையன் வரலையே. ஊருக்குப் போறதா இருந்தா சொல்லிட்டுன்னா போவான்? அறை எங்கேன்னு யாருக்காவது தெரியுமாடா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு மாதம் ஒரே மேஜையில் உண்டவர்கள் நாங்கள்.

பரிமாறுகிறவர் இரண்டு தெருக்களில் விசாரித்து அறையைக் கண்டுபிடித்தார். உடன் தங்கியவர்கள் விடுமுறையில் ஊர் போயிருக்க, பையன் மஞ்சள் காமாலையுடன் தனியே படுத்துக் கிடந்தான். மருத்துவமனையில் சேர்த்தோம். பிறகு மூன்று வாரம் மெஸ்ஸிலிருந்து கஞ்சியும் நீர்மோரும் தூக்கில் போயின. அவற்றைக் கொண்டு போகும் முறையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். மாதக் கடைசியில் அவன் கணக்கைக் கேட்டபோது, மாமா நோட்டைப் புரட்டி, "இருபத்தஞ்சு நாள் கோடே இல்லையேப்பா" என்று மட்டும் சொன்னார்.

மெஸ் வாழ்க்கையைப் பொன்னுலகமாக வருணிப்பது நம் நோக்கமன்று. சாதி பார்த்து இலை போட்ட இடங்கள் இருந்தன. அதை மறைப்பதில் பயனில்லை. தாராவித் தமிழரில் பலர் அந்த மாடிப்படிகளை ஏறியதில்லை. பெண்களுக்கும் அங்கே இடம் அரிது. வேலைக்கு வந்த நம் பெண்கள் விடுதிகளில், கதவடைக்கும் மணிக்குக் கட்டுப்பட்டு, ஆறிய சாதத்தை உண்டுகொண்டிருந்தார்கள். இன்று ஒரு பெண் தான் விரும்பிய கடையில் தனியே அமர்ந்து உண்டுவிட்டு எழுந்து போகலாம். இதைச் சிறிய மாறுதல் என்று நாம் கருதவில்லை.

இப்பொழுது மாதுங்காவில் அறை எடுக்கும் நிலையில் புதிதாக வருகிறவர்கள் இல்லை, வாடகை அப்படி. தாணா, டோம்பிவிலி, நவி மும்பை என்று இளைஞர்கள் விலகிப் போயிருக்கிறார்கள். ஒரே வீட்டில் நால்வர் இருந்தாலும் நால்வரும் கைப்பேசியில் தனித்தனியே உணவு வரவழைத்து, தனித்தனி நேரத்தில், தனித்தனித் திரையைப் பார்த்துக்கொண்டு உண்கிறார்கள். சாப்பாடு முன்னைவிட வகை மிகுந்தது, நள்ளிரவிலும் கிடைப்பது. கோடு போட மட்டும் ஒருவரும் இல்லை. 2020 மார்ச்சில் புறநகர் ரயில் நின்றபோது இதன் விளைவைக் கண்டோம். டப்பாவாலாக்கள் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். அவர்களில் பலர் மீண்டும் வரவில்லை. கடைகள் மூடின. அடுப்பே இல்லாத அறைகளில் நம் பிள்ளைகள் ரொட்டியைத் தின்று நாள் கடத்தினார்கள். பிற மாநிலப் பட்டணங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஓர் அரிசி குக்கரையும், அண்டை வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கட்டாயம் கேட்டுப் பெறுவது நலம். இரண்டாவது முதலாவதைவிட அவசியம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். வாரத்தில் ஒரு வேளையேனும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் உண்ணுங்கள். எந்தக் கடையானாலும் சரி. பரிமாறுகிறவருக்கு உங்கள் முகம் பழகும் வரை போய் வாருங்கள். ஞாயிறு காலை மாதுங்காவுக்கு வர முடிந்தால் இன்னும் நல்லது. பூக்கடையும் வாழையிலைக் கடையும் தாண்டி, சிற்றுண்டிச் சாலை வாசலில் நடைபாதை நிறையக் கூட்டம் காத்திருக்கும். குஜராத்தி பேசுவோரும் மராட்டி பேசுவோரும் ரசவடைக்காக நம்முடன் நிற்பார்கள். வாசலில் நிற்பவர் எத்தனை பேர் என்று கேட்பார். நால்வர், அறுவர் என்று சொன்ன குடும்பங்கள் அரைமணி நேரம் நிற்கும். "ஒருத்தர்தான்" என்று சொல்கிறவனை மட்டும் உடனே உள்ளே அழைத்துப் போய், முன்பின் அறியாத மூவர் அமர்ந்திருக்கும் மேஜையில் காலியாயிருக்கும் நான்காவது நாற்காலியைக் காட்டுவார்.