அரை மில்லிமீட்டருக்கு எவ்வளவு செலவு?

மெரினா மணலிலோ தீவுத்திடல் பொருட்காட்சியிலோ ஒரு முறையாவது பலூன் சுடாத சென்னைக்காரர்கள் குறைவு. ஏழெட்டு அடி தூரத்தில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், தோளில் எத்தனையோ கை மாறித் தேய்ந்த ஏர் கன். பலூன் வெடித்தால் நம் திறமை, வெடிக்காவிட்டால் துப்பாக்கி கோணல். அதே இனத்தைச் சேர்ந்த ஏர் ரைஃபிளைத்தான் ஒலிம்பிக்கிலும் சுடுகிறார்கள். அங்கே தூரம் 10 மீட்டர். அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்குரிய இடம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி, பால்பாயின்ட் பேனாவை ஒரு முறை ஊன்றி எடுத்த அளவு. கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் லேத் ஆபரேட்டருக்கு அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் பீஸ் ரிஜெக்ட். சுடுபவருக்கோ அதுதான் உச்சம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் சம்பளக்காரர் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதைத்தான். கையில் இருக்கும் பணம் கொஞ்சமாக இருந்தால் துப்பாக்கியின் வலிமைக்கு அல்ல, குறி பார்க்கும் சைட்டுக்கும் பெல்லட்டுக்கும் ரேஞ்சில் செலவிடும் நேரத்துக்குமே அது முதலில் போகவேண்டும் என்பது என் கட்சி. துப்பாக்கியைக் கடைசியாக வாங்கினால் போதும்.

வெடிமருந்துத் துப்பாக்கியா, காற்றுத் துப்பாக்கியா என்ற கேள்வியைச் சட்டமே பாதி தீர்த்துவைக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா போட்டுச் சுடும் எதற்கும் உரிமம் வேண்டும். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. போட்டிகளில் சுடும் பதிவுபெற்ற வீரர்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு. ஆனால் அந்தத் தகுதியே பல ஆண்டு ரேஞ்சில் நின்ற பிறகு வருவது. விண்ணப்பம், காவல்துறை விசாரணை, பூட்டி வைக்கும் ஏற்பாடு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று பணத்துக்கு மேல் அலைச்சலும் சேரும். இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரியின் .22 ரைஃபிளை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அதற்குத் தோட்டாவும் 50 மீட்டர் ரேஞ்சும் தேடித் திரியவேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளோ, 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்களிக்கின்றன. டாங்கி செய்யும் ஆவடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காற்றுத் துப்பாக்கியோடு நிற்பதா என்று சிலருக்கு மனசு கேட்காது. ஆனால் 10 மீட்டர் போட்டியின் துளையும் அதே 4.5 மி.மீ.தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும் இந்தக் காற்றுத் துப்பாக்கியால்தான்.

கடைக்குப் போனால் பேச்சு உடனே பவருக்குத் திரும்பும். நொடிக்கு இத்தனை அடி, தகரத்தைத் துளைக்கும், பலகையைப் பிளக்கும் என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இந்தப் பேச்சின் காற்று இறங்கிவிடும். போட்டி ரைஃபிளிலிருந்து 0.53 கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஆற்றல் எட்டு ஜூல்கூட வராது. சட்டம் அனுமதிக்கும் எல்லையில் பாதியைத் தொடவில்லை. லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஜெர்மன் கம்பெனிகளுக்கு வேகத்தைக் கூட்டத் தெரியாமல் இல்லை. காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் தேவையில்லை. வேகம் கூடினால் அதிர்வு கூடும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் காற்றில் தள்ளாடவும் தொடங்கும். மலிவான ஸ்பிரிங் துப்பாக்கியில் இது இன்னும் மோசம். உள்ளே கனத்த பிஸ்டன் முன்னால் பாய்ந்து நிற்கும் நேரத்தில் பெல்லட் இன்னும் பேரலை விட்டு வெளியே வந்திருக்காது. அந்த உதறலோடுதான் அது கிளம்புகிறது. ஸ்பிரிங் எவ்வளவு முரட்டுத்தனமோ அவ்வளவு உதறல். ஆகவே ஒரே விலையில் சாதுவான துப்பாக்கியும் முரட்டுத் துப்பாக்கியும் கிடைத்தால் சாதுவானதை எடுப்பவரே குறியை வாங்குகிறார்.

இனி சைட். துப்பாக்கி வாங்குபவர்கள் மிகக் குறைவாக யோசிப்பதும், மதிப்பெண் மிக அதிகமாகப் பறிபோவதும் இங்கேதான். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சைட், பேரல் நுனியில் ஒரு சைட். இரண்டையும் சேர்க்கும் கோடு அட்டையின் கறுப்பு வட்டத்தில் போய் முடியவேண்டும். சுடுபவரின் உடல் ஆடாமல் இருக்காது, மூச்சும் நாடியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். சைட் இரண்டும் ஒரே கோட்டில் நின்றபடி துப்பாக்கி முழுவதும் 2 மி.மீ. நகர்ந்தால் அட்டையில் பிசகுவதும் அந்த 2 மி.மீ.தான். ஆனால் முன் சைட்டும் பின் சைட்டும் தங்களுக்குள் 0.1 மி.மீ. விலகினால் கதை வேறு. அது ஒரு தலைமயிரின் தடிமன். இரண்டுக்கும் இடையே 60 செ.மீ. இடைவெளி என்று கொண்டால், அந்த மயிரிழை 10 மீட்டரில் ஏறத்தாழ பதினேழு மடங்காகி 1.7 மி.மீ. ஆகிவிடும். ஏர் ரைஃபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 2.5 மி.மீ.தான். கை ஆடுகிறதே என்று கவலைப்படும் புதியவர் பெரும்பாலும் தப்பான எதிரியோடு சண்டை போடுகிறார்.

பலூன் கடைத் துப்பாக்கியில் இருப்பது ஓப்பன் சைட்; பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முனை. இதில் கண் மூன்று பொருளைப் பார்க்கவேண்டியிருக்கிறது. வெட்டு முழ தூரத்தில், முனை ஒரு கஜத்தில், வட்டம் 33 அடியில். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த வெட்டு வெறும் மங்கல். பீப் சைட்டில் வெட்டுக்குப் பதில் ஒரு சிறு துளை இருக்கும். துளைக்குள் கண்ணை வைத்தால் நாம் முயலாமலே பார்வை அதன் நடுவுக்குப் போய் நிற்கும். மூன்று வேலையில் ஒன்று குறைந்துவிடுகிறது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு மருந்துச் சீட்டைப் படிக்க விரல்களை மடக்கிச் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பவர்களுக்கு மிச்சமும் புரியும். துளை சிறிதானால் தூரத்தில் உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்தே தெளிகின்றன. முன் சைட்டில் முனைக்குப் பதில் ஒரு வளையம், அதற்குள் கறுப்பு வட்டம், வட்டத்துக்குள் வட்டம். சமமாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் மின்னலாகக் கண்டுகொள்ளும்; கோலப்புள்ளி பிசகினால் பார்த்தவுடன் தெரிவது மாதிரி. பீப் சைட்டில் மலிவானதும் உண்டு, தலை சுற்றும் விலையுள்ளதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: பேக்லாஷ், அதாவது திருகைத் திசை மாற்றித் திருப்பும்போது வரும் வெற்று ஆட்டம். திருகை வலப்பக்கம் பத்து கிளிக் திருப்பி, மறுபடி இடப்பக்கம் பத்து கிளிக் திருப்பிச் சுட்டால் பெல்லட் பழைய இடத்துக்கே வருகிறதா? வந்தால் விலை எதுவானாலும் நல்ல சைட். வராவிட்டால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இத்தனை எதற்கு, ஒரு ஸ்கோப் மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், வயதான கண்ணுக்கும், போட்டி நினைப்பில்லாமல் பொழுதுபோக்க மட்டும் சுடுபவருக்கும் ஸ்கோப் வசதியே. ஆனால் மூன்று சிக்கல்கள் கூடவே வரும். ஸ்கோப் இலக்கைப் பெரிதாக்கும்போது ஆட்டத்தையும் பெரிதாக்குகிறது. அதைக் கண்டு பயந்து, நடுவுக்கு வந்த நொடியில் விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு உதறுவது கஷ்டம். இரண்டாவது, மலிவான ஸ்கோப்கள் பல, நூறு கஜத் தூரத்துக்குப் பொருத்தப்பட்டவை. 10 மீட்டரில் கண் சற்று விலகினாலும் குறிக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்துபோகும், படமும் மங்கும். மூன்றாவது ஸ்பிரிங் துப்பாக்கிக்கே உரியது. அது முதலில் பின்னாலும் அடுத்த கணமே முன்னாலும் உதைக்கும். ஒரு பக்க உதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் இதில் தளர்ந்துவிடும். இவை மூன்றும் போக, உலகத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் பிஸ்டலிலும் ஸ்கோப்புக்கு இடமே இல்லை.

பெல்லட் கணக்கு வெளியே தெரியாத செலவு. ஒரு போட்டியின் தகுதிச் சுற்றுக்கு 60 குண்டு. பயிற்சியிலும் நாளுக்கு அதே அளவு, வாரத்துக்கு நான்கு நாள் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஐந்நூறு அடங்கிய டின் இருபத்தைந்து. மூன்று நான்கு ஆண்டில் ஒரு சாதாரண உள்நாட்டுத் துப்பாக்கியின் விலையை டின்கள் தாண்டிவிடும். ஆகவே துப்பாக்கிக்கே மொத்தக் காசையும் கொட்டிவிட்டு மாதக் கடைசியில் பெல்லட்டைச் சிக்கனம் பிடிப்பவரைவிட, சுமாரான துப்பாக்கியும் தீராத டின்னும் வைத்திருப்பவர் முன்னால் போவார். காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடும் போட்டித் துப்பாக்கிகளில் பெல்லட் இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகவும் வசதி உண்டு. காசில்லாத பயிற்சியில் அதற்கு நிகர் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் அதைச் செய்யக்கூடாது. முன்னால் பெல்லட் தரும் தடை இல்லாமல் பிஸ்டன் மோதி உள்ளே சேதமாகும்.

இது பணக்காரர் விளையாட்டு, ஏழைக்கு ஏன் ஆசை காட்டுகிறீர்கள் என்ற ஆட்சேபம் கனமானது. உச்சிக்குப் போனால் அது உண்மையும்கூட. பாரிஸ் 2024இல் சுட்ட தமிழகத்து டிராப் வீரர் பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். டிராப்பில் தகுதிச் சுற்றுக்கே 125 தட்டுகள் பறக்கும், ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்துத் தோட்டா. ஏர் ரைஃபிளிலும் விறைப்பான ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ் என்று ஒரு கட்டத்துக்கு மேல் காசுதான் பேசும். அதே பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு வந்து கலப்பு அணி ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்றதை உலகமே படம் போட்டுக் கொண்டாடியது. அவர் கையில் இருந்தது முறையான போட்டி பிஸ்டல் என்பதைப் படம் போட்டவர்கள் கவனிக்கவில்லை. எனினும் உச்சியின் செலவைக் காட்டி அடிவாரத்தை அடைக்கவேண்டியதில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனுக்கு, துப்பாக்கி சுடும் வீரர் ககன் நரங்கின் பயிற்சி அமைப்பு கைகொடுத்தது. அவர் உலகக் கோப்பைத் தங்கமும் இரண்டு ஒலிம்பிக்கும் கண்டார். கிளப் என்பதற்குப் பொருளே அதுதான்: ரேஞ்சும் பயிற்சியாளரும் பல இடங்களில் துப்பாக்கியும் பொதுவில் இருக்கும். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எழும்பூரில் உள்ள சென்னை ரைஃபிள் கிளப் தொலைவில்லை. முதல் ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பழகியவருக்குத் தன் தோளின் நீளம், கன்னம் எங்கே ஒட்டவேண்டும், ரைஃபிளா பிஸ்டலா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடையில் தடவிப் பார்த்து வாங்கியவருக்கு இது எதுவும் தெரியாது.

இன்னோர் ஆட்சேபம் துப்பாக்கி மேலேயே. உரிமம் வேண்டாம் என்ற சலுகை புழல் ஏரிக்கரையில் கொக்கையும் மடையானையும் குறிவைக்கத்தானே பயன்படுகிறது என்பார்கள். இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் காற்றுத் துப்பாக்கிதானே என்ற சமாதானம் செல்லாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் மக்கள் தாங்களாகவே ஏர் கன்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியதே, காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோன காரணத்தால்தான். குறைந்த ஆற்றல் வாங்குங்கள் என்ற வாதத்துக்கு இது எதிரல்ல, துணை. எட்டு ஜூல் துப்பாக்கி வேட்டைக்காரருக்குப் பிடிக்காது. ஆனால் எட்டு ஜூலும் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். அரை கிரவுண்டில், 30க்கு 40 மனையில் கட்டிய வீட்டு மொட்டை மாடி நீளவாக்கில் 10 மீட்டர் வரும் என்று சந்தோஷப்பட்டு அங்கே அட்டை மாட்டக்கூடாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிய பெல்லட் பல வீடு கடந்துதான் விழும். ஈயப் பெல்லட்டைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காருவதும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்தும் ஆசை தணியாவிட்டால் கிளப்பிலேயே விசாரிக்கலாம். மேல் மாடலுக்குப் போகும் வீரர்கள் பழைய துப்பாக்கியை விற்பார்கள். புதிய உள்நாட்டுத் துப்பாக்கிக்கும் புதிய இறக்குமதித் துப்பாக்கிக்கும் நடுவில் உள்ள பெரிய விலைப் பள்ளத்தை நிரப்புவது இந்தப் பழைய சரக்குதான். அதில் முதலில் பார்க்கவேண்டியது பேரலையோ பாலிஷையோ அல்ல, காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியை. பத்து ஆண்டு கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்கமாட்டார்கள். புதிய சிலிண்டரின் விலையைப் பேரத்தில் கழிக்கவேண்டும். அடுத்து அந்த பேக்லாஷ் சோதனை. அதன்பின் மூன்று கம்பெனிப் பெல்லட் ஒவ்வொரு டின் வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்துவைத்து ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுட்டுப் பார்க்கவேண்டும். ஒன்று பரவும், ஒன்று நெருங்கும், ஒன்று பத்தும் ஒரே கிழிசலாக விழும். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டுக்கும்கூட ஒரே பெல்லட் ஒத்துவராது. பல சமயம் விலை கூடிய டின் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.