நிமிர்த்திய சுருட்டை

திருமலைக் கல்யாணகட்டாவில் முடி இறக்கியவர்கள் வந்திறங்கும் திருப்பதியில், முடியை நிமிர்த்த ஓர் அழகு நிலையத்துக்குப் போனாள் என் தங்கை. சித்தூரிலிருந்து துணைக்குப் போனேன். பெண் பார்க்க வருகிறார்கள். சுருட்டை முடி என்றால் யோசிப்பார்களாம். தரகர் சொன்னது. அப்பாவுக்கும் இதே முடிதான். எனக்குச் சம்மதமில்லை.

'கெராட்டின்' என்றார்கள். நம் முடியே அந்தப் புரதந்தானே! மருந்தைப் பூசி, காய்ச்சிய இரும்பால் இழுத்ததும் புகை கிளம்பியது. தங்கைக்குக் கண்ணெல்லாம் நீர். "ஏமீ காதண்ணா" என்றாள் இரும்பு பிடித்த பெண். பாவம், நாளெல்லாம் அவள் நிற்பது அந்தப் புகையில்.

இத்தகைய மருந்துகள் சிலவற்றில் சூடு பட்டால் பார்மால்டிஹைடு ஆவி வெளியாகும். பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலினில் உள்ள சரக்கு. மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது இதைத்தான். 'பார்மால்டிஹைடு' என்று டப்பாவில் இருக்கிறதா என்று நேயர்கள் முதலில் கேட்டுப் பார்க்கட்டும். நான் கேட்டது பாதி வேலை முடிந்த பிறகு. டப்பாவைக் காட்டவில்லை. ஜன்னலை மட்டும் திறந்தார்கள்.

முடி நேராகிவிட்டது. ஆனால் மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் புதுமுடி சுருட்டையாகத்தான் வரும்.

"வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு அண்ணா" என்றாள் பஸ்ஸில்.

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.